சவுக்குக் கன்றுக்குச் சொந்த ஊர் எது? இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம் மாவட்ட வனத்துறை அதிகாரிகளுக்கும், கடலோர ஊராட்சிகளின் தலைவர்களுக்கும், சவுக்குக் கன்று வளர்த்துக் கொடுக்கும் நாற்றங்கால்காரர்களுக்கும்

வணக்கம்.

முண்டு மிளகாய் போடுகிற எங்கள் பக்கத்து விவசாயி யாரிடமாவது விதையைக் கொடுத்துப் பாருங்கள். விலையைக் கேட்பதற்கு முன்னால் "இது யாரு புஞ்சையில எடுத்தது?" என்றுதான் கேட்பார். அந்தப் புஞ்சையில் போன வருஷம் இலைச் சுருட்டை நோய் விழுந்ததா, காய் உருண்டையாகத் திரண்டதா, கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார். 2023இல் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக இந்தக் கேள்வியைக் கேட்டு வந்ததால்தான் அந்த மிளகாய் தன் குணம் மாறாமல் நிற்கிறது என்று நான் நம்புகிறேன்.

அதே மனிதர் சவுக்குக் கன்று வாங்கப் போனால் இதில் ஒன்றையும் கேட்பதில்லை. கன்று எவ்வளவு உயரம், ஆயிரம் என்ன விலை, லாரி வாடகை யார் கணக்கு, அவ்வளவுதான். நானும் அப்படித்தான் வாங்கினேன். அதில் பட்டதைச் சொல்லிவிட்டு, உங்களிடம் ஒன்று கேட்பதற்காகத்தான் இந்த மடல்.

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் எனக்கு மூன்றரை ஏக்கர் மணல் காடு இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில் அதில் சவுக்கு வைத்தேன். கன்று வெளி மாவட்டத்து நாற்றங்கால் ஒன்றிலிருந்து லாரியில் வந்தது. கடைசியில் மேற்கு ஓரத்தில் நாலு வரிசைக்குக் கன்று பற்றவில்லை. என் சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் மேட்டுப்பாத்தியில் கொஞ்சம் நாற்று விட்டிருந்தார். கடலோரத்தில் அவர் சின்ன வயதிலிருந்து பார்த்துவரும் பழைய சவுக்கு மரங்களில் காய் பறித்து, வெயிலில் காயவைத்து, உதிர்ந்த விதையை எறும்பு தூக்கிப் போகாமல் சாம்பல் தூவிக் காத்து வளர்த்த நாற்று. அதை வாங்கி அந்த நாலு வரிசையை நிரப்பினேன்.

மூன்றாம் வருஷம் பட்டைப் புழு வந்தது. சவுக்கு வைத்தவர்களுக்கு இது தெரியும். கவட்டையில் துளை போட்டுப் பகலெல்லாம் உள்ளே கிடக்கும். இரவில் வெளியே வந்து பட்டையைச் சுரண்டித் தின்னும். தின்ற வழியெல்லாம் தன் எச்சத்தையும் மரத்தூளையும் நூலால் பின்னி, துருப்பிடித்த நிறத்தில் நாடா மாதிரி ஒட்டி வைத்துவிட்டுப் போகும். முருங்கையிலும் கொய்யாவிலும் வருகிற அதே புழுதான். நாடாவைப் பிய்த்துவிட்டு, துளைக்குள் கம்பியை விட்டுக் குத்தி, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை அடைத்து மண் பூசுவோம். பத்து மரம் என்றால் செய்யலாம். லாரியில் வந்த கன்றுகளில் இரண்டுக்கு ஒன்று நாடா தொங்கியது. அப்புறம் தண்டு துளைக்கும் வண்டும் சேர்ந்துகொண்டது. நாலாம் வருஷம் ஆடியில் கச்சான் காற்று ஓங்கி அடித்தபோது, துளை விழுந்த இடத்தில் மரங்கள் முறிந்தன. வெட்டுக்கு ஒரு வருஷம்தான் பாக்கி இருந்தது. பந்தல்காலாகவும் சாரக்கம்பாகவும் போக வேண்டிய மரத்தை விறகு விலைக்குக் கொடுத்தேன்.

சித்தப்பாவின் நாலு வரிசையில் நாடா கட்டிய மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நாற்றங்காலுக்குப் போன் போட்டு, விதை எங்கே எடுத்தது என்று கேட்டேன். ஏஜென்ட் கொடுத்தது என்றார்கள். ஏஜென்ட் எங்கே வாங்கினார்? தெரியாது. நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பீர்களா? இல்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதுவரை யாரும் அவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

என் தங்கச்சி மகன் வனவியல் படிக்கிறான். லீவுக்கு வந்தவனை அழைத்துப் போய்க் காட்டினேன். என் பேச்சை அவன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "மாமா, இந்த நாலு வரிசையை வச்சு ஒன்னும் முடிவு பண்ணக் கூடாது. வாய்க்கால் இந்த ஓரமாத்தான் போகுது. இதுக்குத் தண்ணி கூடக் கிடைச்சிருக்கும். தண்ணிக்குத் தவிக்கிற மரத்தைத்தான் பூச்சி முதல்ல பிடிக்கும்" என்றான். அவன் சொன்னது நியாயம். ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னான். "நீங்க கேக்குற கேள்வி சரியான கேள்வி. பைன் மரத்துல இருநூறு வருஷமா இதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

பைன் என்றால் நமக்குக் கொடைக்கானல்தான் ஞாபகம் வரும். இந்த உப்புக் காற்றில் அதற்கு வேலை இல்லை. ஆனாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நம்முடைய சவுக்கை 'ஆஸ்திரேலியப் பைன்' என்றுதான் அழைக்கிறார்களாம். பார்த்தால் ஊசி இலை மாதிரி தெரிவதால் வந்த பெயர். உண்மையில் சவுக்கில் ஊசியாகத் தெரிவது கணுக் கணுவான சின்னக் கிளை. இலை என்பது கணுவில் ஒட்டியிருக்கும் பொடிச் செதில்தான். இரண்டுக்கும் உறவு இல்லை. ஆனாலும் பைனில் அவர்கள் கண்டுபிடித்ததைக் கேட்டபோது, என் தோட்டத்தைப் பற்றிப் பேசுவது மாதிரியே இருந்தது.

பிரான்சில் வில்மோரான் என்ற விதை வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1820களில் லே பார் என்ற தன் பண்ணையில் ஒரு வேலை செய்தார். ஐரோப்பாவின் பல ஊர்களிலிருந்து ஸ்காட்ஸ் பைன் விதையை வரவழைத்து, ஒரே மண்ணில் பக்கத்தில் பக்கத்தில் நட்டார். ஒரே இனம், ஒரே பராமரிப்பு. ஆனால் ஓர் ஊர் விதை நேராகப் போனது, இன்னோர் ஊர் விதை கோணிப் போனது. மரத்தின் குணத்தில் ஒரு பங்கு அது பிறந்த ஊரிலிருந்தே வருகிறது என்பது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. பூச்சி விஷயத்திலும் அப்படித்தான் என்பது பின்னால் தெரிய வந்தது.

கனடாவின் மேற்குக் கடற்கரையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதுவும் கடற்கரை, நம்முடையதும் கடற்கரை. அங்கே வெள்ளைப் பைன் கூன்வண்டு என்று ஒன்று இருக்கிறது. நம் தென்னையைக் குடைகிற சிவப்புக் கூன்வண்டுக்குத் தூரத்துச் சொந்தம். நுனிக் குருத்தில் முட்டை வைக்கும். புழு பட்டைக்கு உள்ளே தின்றுகொண்டே கீழே இறங்கும். குருத்து செத்துப்போகும். மரம் உயர முடியாமல் புதராகக் கிளைத்துவிடும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இது வெள்ளைப் பைனைப் பிடிக்கிறது, மேற்கில் சிட்கா ஸ்புரூஸ் என்ற மரத்தைப் பிடிக்கிறது. அது பைனுக்குப் பங்காளி முறை மரம். கனடாவின் மேற்குக் கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்த வண்டால் சிட்கா நடுவதே வீண் என்ற நிலைமை வந்தது.

அப்போது பல ஊர் விதைகளில் முளைத்த சிட்காவை ஒரே இடத்தில் நட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான மரங்கள் அடி வாங்கின. ஆனால் ஹேனி என்ற இடத்து விதையும், வான்கூவர் தீவின் கிழக்குக் கரையில் உள்ள பிக் குவாலிகம் விதையும் நன்றாகத் தாக்குப்பிடித்தன. இரண்டுமே வண்டுத் தொல்லை அதிகமாக உள்ள இடங்கள். அதே மாகாணத்து ஹைடா குவாய் தீவுகளில் அந்த வண்டே கிடையாது. அங்கிருந்து வந்த விதையின் மரங்கள் வண்டுக்கு எளிதான இரையாகிவிட்டன. வண்டோடு காலங்காலமாக மல்லுக்கட்டிய இடத்து மரம் கவசத்தோடு வந்தது. வண்டையே பார்க்காத தீவின் மரத்துக்கு அந்தக் கவசம் இல்லை.

கவசம் என்று சும்மா சொல்லவில்லை, அது கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று. தாங்குகிற மரங்களின் பட்டையில் பிசின் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. வண்டு மூக்கை நுழைத்தால் பிசின் பொங்கும். அதிலேயே முட்டையும் புழுவும் மூழ்கிவிடும். பட்டைக்குள் கல் மாதிரி இறுகிய செல்களும் அதிகம், புழுவால் மெல்ல முடியாது. காயம் பட்டதும் புதிதாகப் பிசின் குழாய் உண்டாக்கும் வேகத்திலும் மரத்துக்கு மரம் வித்தியாசம் உண்டு. இதெல்லாம் விதை வழியாகப் பிள்ளைக்கு இறங்கும் குணம். மருந்தடித்து மரத்துக்குள் இதைக் கொண்டுவர முடியாது.

பிரிட்டனில் நட்ட சிட்காவில் பெரும்பங்கு அந்த ஹைடா குவாய் விதைதான். நன்றாகவே வளர்கிறது. காரணம், அங்கே அந்த வண்டு இல்லை. இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. ஒரு விதை நல்ல விதையா இல்லையா என்பது, நடுகிற இடத்தில் எந்தப் பூச்சி காத்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. வெளி மாவட்டத்துச் செம்மண்ணில் அருமையாக நிற்கிற கன்று, இங்கே உப்புக் காற்றிலும் பட்டைப் புழுவிலும் எப்படி நிற்கும் என்று அங்கே இருந்துகொண்டு யாரும் சொல்லிவிட முடியாது.

பைனிலேயே இன்னும் பெரிய கதை ஒன்று உண்டு. மலைப் பைன் வண்டு அரிசி மணி அளவுதான் இருக்கும். 1990களில் தொடங்கிப் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மட்டும் ஏறக்குறைய 1.8 கோடி ஹெக்டேர் காட்டில் அது பரவியது. முன்பெல்லாம் கடும் குளிர் அதைக் கொன்றுவிடும். குளிர்காலம் மிதமானதும் வடக்கே ஏறியது, ராக்கி மலையைத் தாண்டிப் பக்கத்து ஆல்பர்ட்டா மாகாணத்துக்கும் போனது. அந்தப் பக்கத்து லாட்ஜ்போல் பைன் மரங்களில் பெரும்பாலானவை இந்த வண்டோடு பழகியவை இல்லை. பழகாத மரங்களில் வண்டு அதிகமாகக் குஞ்சு பொரித்துப் பெருகியது என்று ஆராய்ச்சியில் தெரிந்தது.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துப் போகலூசாவில் 1920களில் பிலிப் வேக்லி என்பவர் நாலு மாநிலத்து லோப்லாலிப் பைன் விதையைச் சேர்த்து நட்டதும் உண்டு. அங்கே தொல்லை பூச்சியால் இல்லை, துரு நோய்ப் பூஞ்சையால். ஜார்ஜியா விதை மரங்கள் கடுமையாக அடிபட்டன, உள்ளூர் விதை மரங்கள் பெரும்பாலும் தப்பின.

சரி, அப்படியென்றால் உள்ளூர் விதையே போதும் என்று முடித்துவிடலாமா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நம் சவுக்குக்கே இது சொந்த ஊர் இல்லை. ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுகளின் கரை மரம் அது. 19ஆம் நூற்றாண்டில்தான் இந்தக் கரைகளுக்கு வந்தது, ரயில் என்ஜினுக்கு விறகாகவும் நட்டார்கள். அப்போது எந்தத் தீவின் எத்தனை மரத்து விதை வந்ததோ, அதன் பேரப்பிள்ளைகள்தான் பழைய தோப்பெல்லாம். நம் பட்டைப் புழுவோடு அவை ஆயிரம் வருஷம் பழகியவை இல்லை. அதனால் கனடாக் கதையை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. ஆனால் ஒன்று சொல்லலாம். இந்தக் கரையில் நாற்பது ஐம்பது வருஷம் உப்பும் வறட்சியும் புழுவும் புயலும் தாங்கி இன்னும் நிற்கிற மரத்தைக் காலம் சலித்து மிச்சம் வைத்திருக்கிறது. அதன் விதையைச் சோதித்துப் பார்க்காமல் இருப்பது நஷ்டம்.

வெளியிலிருந்து வரும் நல்ல விதையையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1990களின் தொடக்கத்தில் பல நாட்டுச் சவுக்கு விதைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் சர்வதேசச் சோதனை நடந்தது, இந்தியாவிலும் நட்டார்கள். கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் சவுக்கில் பல வருஷமாக வேலை செய்து, நல்ல குளோன்களையும் கலப்பினங்களையும் கொடுத்திருக்கிறது. பட்டை கொப்புளித்து மரமே வாடிப்போகிற நோய் நம் கடலோரத் தோப்புகளை எவ்வளவு அழித்தது என்று உங்களுக்குத் தெரியும். இந்தோனேசியாவிலிருந்து வந்த ஜுங்குனியானா என்ற வேறொரு சவுக்கு இனம் அதை நன்றாகத் தாங்குகிறது. எந்த விதை என்று பார்த்து நட வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

பயம் ஒன்றே ஒன்றுதான். நன்றாக இருக்கிறது என்று ஒரே குளோனைக் கரை முழுக்க நட்டுவிடக் கூடாது. குளோன் என்றால் லட்சம் கன்றும் ஒரே மரத்தின் நகல். ஒரு பூச்சிக்கு ஒரு மரம் பிடித்துவிட்டால் லட்சமும் பிடித்துவிடும். தைல மரத்தில் இதைப் பார்த்தோமே. 2000களில் முடிச்சுக் குளவி வந்தபோது, இலைக் காம்பிலும் நடு நரம்பிலும் முடிச்சு முடிச்சாகக் கட்டி எத்தனை நாற்றங்கால்கள் நொந்துபோயின. சில குளோன்களை அது வாட்டி எடுத்தது, சிலவற்றை அதிகம் சீண்டவில்லை. கலந்து வைத்தவர்களிடம் ஏதாவது மிஞ்சியிருக்கும்.

இப்போது நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். கடலோரக் காற்றுத் தடுப்புக்காகவோ ஊராட்சி நிலத்துக்காகவோ, விவசாயிக்கு விற்கவோ போகிற ஒவ்வொரு கட்டுக் கன்றோடும் ஒரு சீட்டு போக வேண்டும். விதை எந்தக் கரையில் எடுத்தது, எத்தனை தாய் மரத்தில் எடுத்தது, எந்த மாதம் எடுத்தது, குளோன் என்றால் அதன் பெயர் என்ன. இவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1999இல் வந்த விதிகளின்படி, முக்கியமான காட்டு மரங்களின் விதையையோ கன்றையோ பிறப்பிடம் எழுதிய சீட்டு இல்லாமல் விற்க முடியாது. நமக்குப் பெரிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கன்று கொள்முதல் செய்யும்போது வனத்துறையும் ஊராட்சியும் சீட்டு கேட்டாலே போதும், அடுத்த வருஷம் எல்லா நாற்றங்காலிலும் நோட்டுப் புத்தகம் இருக்கும்.

நாற்றங்கால்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ரோட்டோரம் கைக்கு எட்டுகிற ரெண்டு மரத்தில் காய் பறித்து வேலையை முடித்துவிடாதீர்கள். ஒரு கிலோ விதையில் பல லட்சம் விதை இருக்கும் என்பதால் ரெண்டு மரமே ஒரு ஊருக்குப் போதும்போலத் தோன்றும். அப்படி வந்த கன்றெல்லாம் அண்ணன் தம்பிதான். அடுத்த தலைமுறையில் சொந்தத்துக்குள்ளேயே மகரந்தம் கூடி மரம் நலிந்துபோகும். ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் 20, 30 நல்ல மரங்களிலாவது எடுங்கள். நாடா தொங்குகிற மரத்தில் எடுக்காதீர்கள்.

வனத்துறையிடம் இன்னொன்று கேட்கிறேன். வடகடல் பக்கம் ஒன்று, தென்கடல் பக்கம் ஒன்று என்று ரெண்டு சோதனைத் திடல் வையுங்கள். பாக் விரிகுடாவின் காற்றும் மண்ணும் வேறு, மன்னார் வளைகுடாவின் காற்றும் மண்ணும் வேறு. அரியமான் பக்கத்துப் பழைய மர விதை, தனுஷ்கோடி ரோட்டோர மர விதை, கோயம்புத்தூர் ரகங்கள், ஜுங்குனியானா எல்லாவற்றையும் கலந்து, ஒரு ரகத்துக்கே வாய்க்கால் ஓரம் வாய்த்துவிடாதபடி இடம் மாற்றி மாற்றி நட வேண்டும். என் நாலு வரிசையில் நடந்த தப்பு அங்கே நடக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடா எத்தனை, துளை எத்தனை, முறிந்தது எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அவர்களே எண்ணிவிடுவார்கள்.

திடலைக் கரையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளியே வையுங்கள். அலை ஏறுகிற மணலில் சவுக்கு வேண்டவே வேண்டாம். அது அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் பிடித்து நிறுத்துகிற மணல், ஆமை முட்டையிட ஏறி வருகிற இடம்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். காற்றுத் தடுப்புக்கு நட்ட மரம் உள்ளுக்குள் துளை விழுந்து நின்றால், சாதாரண ஆடிக்காற்றுக்கே முறிகிறது. புயல் அடிக்கும் நாளில் அதை நம்பிக் குடிசைக்குள் எப்படிப் படுப்பது?

சித்தப்பா காய் பறித்த பழைய மரங்களில் ஏழு இன்னும் நிற்கின்றன. என் நாலு வரிசையில் நாடா கட்டாத மரங்களை வெட்டாமல் அடையாளம் போட்டு வைத்திருக்கிறேன். ஆனியில் காய் முற்றும். அப்போது விதை எடுத்து நாற்று விட்டால் ஐப்பசி மழைக்குக் கன்று தயாராகிவிடும். சோதனைக்கு என் நிலத்தில் அரை ஏக்கர் தருகிறேன், கோடைக்குக் கிணற்றுத் தண்ணீரும் தருகிறேன். ஆனி பிறப்பதற்குள் விஷயம் தெரிந்த ஒருவரை அனுப்பிவையுங்கள். மரங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மண்டபம் பக்கத்துச் சவுக்கு விவசாயி ஒருவன்